சாவிக்கடை சவுரிராயனின் குறைப் பரீட்சை

திண்டிவனத்தில் செஞ்சி சாலை திரும்பும் முனையில், ஒரு பஞ்சர் கடைக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே யாருக்கும் வேண்டாமல் கிடந்த சந்தில், 1993ஆம் ஆண்டு சவுரிராயன் தன் ஆட்சியைத் தொடங்கினார். முடிசூட்டு விழா எளிமையாகத்தான் நடந்தது. ஒரு மேசை, அதில் முடுக்கிய, சாவியைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வைஸ், சில அரங்கள், ஒரு மெழுகுவர்த்தி. மேலே கம்பியில் தொங்கிய, இன்னும் பல் ராவாத வெறும் சாவிகள் காற்றடித்தால் மங்கள வாத்தியம் முழக்கும்.

அந்தக் காலத்துக் கார்களுக்குச் சாவி போடுவது ஒளிவுமறைவில்லாத வேலை. வெறும் சாவியை மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்கி, பூட்டுக்குள் விட்டு மெல்ல அசைத்தால், பூட்டு தன் அந்தரங்கத்தையெல்லாம் அந்தப் புகையின் மேல் கீறிக் காட்டிவிடும். கீறல் விழுந்த இடத்தில் அரத்தால் ராவ வேண்டும். மறுபடி புகை, மறுபடி பூட்டு. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

கடை திறந்த சூடு ஆறுவதற்குள் முதல் துரோகம் வந்து சேர்ந்தது. வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர், சாவி எங்கேயோ விழுந்துவிட்டது என்று சவுரியைத் தன் காரிடம் கூட்டிப்போனார். வேலை முடிகிறவரை வண்டியின் புகழையே பாடிக்கொண்டிருந்தார்.

"தங்கமான வண்டிபா. ஒரு நாளு ரோட்டுல நின்னதில்ல. ஒரு சத்தம் கெடையாது. கொழந்த மாதிரி வெச்சிக்கினு இருக்கேன்."

கூலி கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் போனார். சாயங்காலம் வேறொருவர் போலீஸ்காரரோடு வந்தார். தலையில் அடித்துக்கொண்டே வந்தார்.

"பிரேக்க மிதிச்சா எடதுபக்கம் இழுத்துக்கினு போவும். மழ பெஞ்சா உள்ளயே குளிக்கலாம். ரெண்டாங் கியர் போட்டா வயித்தக் கலக்கும். அந்தச் சனியனப் போயி எவன்யா திருடுவான்? அதுக்கு நீ சாவி வேற போட்டுக் குடுத்திருக்கியே, மவராசா!"

ஞானம் சிலருக்கு மரத்தடியில் வரும். சவுரிராயனுக்குக் காவல் நிலையத்து பெஞ்சில் வந்தது. வண்டியை வைத்திருப்பவன் அதைத் திட்டுவான். திருடுகிறவன்தான் புகழுவான். மனித குலத்தின் இந்தப் பெரிய உண்மையை இத்தனை காலமும் ஒருவரும் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து கடையில் குறைப் பரீட்சை நடைமுறைக்கு வந்தது. சாவி தொலைந்தது என்று யார் வந்தாலும் சவுரி அரத்தைத் தொடமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "வண்டியில இன்னா கொற?" கொட்டித் தீர்க்கிறவர்களுக்குச் சாவி உண்டு. யோசிக்கிறவர்களுக்குக் கிடையாது. திருவக்கரைக்குப் பௌர்ணமி பூஜைக்குப் போகும் வழியில் சாவியைத் தொலைத்த ஒரு புருஷனும் பெண்சாதியும் இந்தப் பரீட்சையில் மாநிலத்திலேயே முதலிடம் பெறத்தக்க அளவுக்குத் தேறினார்கள். புருஷன் கிளட்சில் ஆரம்பித்தார், பெண்சாதி சீட்டுக்கு வந்தார். சாவி ராவி முடிகிற நேரத்தில் அந்த அம்மாள் வண்டியை முடித்துவிட்டுப் புருஷனின் குறைகளில் பாதி தூரம் வந்திருந்தார். அதன் பிறகு பல வருஷங்களுக்குப் போலீஸ் அந்தச் சந்துக்குள் வரவேயில்லை, டூப்ளிகேட் சாவி போட வந்தால் ஒழிய.

பிறகு கார்கள் கெட்டுப்போயின. இரண்டாயிரத்தை ஒட்டி வந்த கார்களின் சாவித்தலையில் பொட்டுக்கடலையை விடச் சின்னதாக ஒரு சிப்பை வைத்து அனுப்பினார்கள். சாவித்துவாரத்தைச் சுற்றி ஒரு செப்புக் கம்பி வளையம் இருக்கும். சாவியைத் திருப்பும்போது வளையம் அந்தச் சிப்பை விசாரிக்கும். தனக்குத் தெரிந்த சிப்பு என்றால் வண்டி ஓடும். இல்லையென்றால் எஞ்சின் கிளம்புவதுபோலக் கிளம்பி, ரெண்டே நொடியில் செத்துவிடும். முன்னால் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். பல் பல்லாக எவ்வளவு அழகாகச் சாவி ராவியிருந்தாலும் மரியாதை இல்லை. சவுரி இதை ஒரு தனிப்பட்ட அவமானமாகவே எடுத்துக்கொண்டார்.

இருந்தாலும் கற்றுக்கொண்டார். பாண்டிச்சேரிக்குப் போய், சிப்பிலிருந்தோ வண்டியிலிருந்தோ ரகசியத்தைப் படித்து இன்னொரு சிப்பில் எழுதும் கைப்பெட்டி ஒன்றைப் பழசாக வாங்கி வந்தார். நோய்களும் பழகிப்போயின. பாட்டரி இறங்கினால் வண்டி சொந்தச் சாவியையே தெரியாது என்று சொல்லும். ரெண்டு சிப்புச் சாவியை ஒரே சாவிக்கொத்தில் கோத்தால், ரெண்டும் ஒரே நேரத்தில் பேசி வண்டியைக் குழப்பும். அழகுக்காகப் புதுக் கவர் வாங்கிச் சாவியை மாற்றிக்கொண்டு, பழைய கவரைச் சிப்போடு குப்பையில் போட்டுவிட்டு, "நேத்து ஓடுச்சி, இன்னிக்கி ஓடல" என்று வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களைச் சவுரி முதலில் குப்பைத்தொட்டிக்கு அனுப்புவார்.

ஒரு குறுக்கு வழியும் இருந்தது. நல்ல சிப்பைச் சாவியிலிருந்து பெயர்த்து, ஸ்டியரிங் கவருக்குள்ளே அந்த வளையத்தின் மேலேயே ஒட்டிவிட்டால், விசாரணை எப்போதும் உள்ளேயே முடிந்துவிடும். அப்புறம் வெறும் இரும்புச் சாவி எதைப் போட்டாலும் ஓடும். இதைச் சவுரி ஒரு பாவம் என்றே கருதினார். விழுப்புரத்தில் சாவிக்கடை வைத்திருந்த விருத்தாசலம், இவரைப் போனிலேயே குருவாக ஏற்றுக்கொண்டவன். அவன் ஒரு தடவை அப்படிச் செய்யலாமா என்று கேட்டபோது சவுரி கத்தினார்: "டேய், அது வூட்டப் பூட்டி சாவிய கதவுலயே மாட்டுற வேல. தொழிலுக்குத் துரோகம். செஞ்சேன்னு தெரிஞ்சிது, எனக்குப் போன் பண்ணாத!"

குறைப் பரீட்சையையும் விருத்தாசலத்துக்குச் சொல்லிக்கொடுத்தது இவர்தான்.

2010இல் சவுரிராயன் ஒரு கார் வாங்கினார். கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் துபாய்க்குப் போகிற அவசரத்தில் சாவியைத் தொலைத்துவிட்டு, சாவி இல்லாத வண்டி என்பதால் மலிவாகத் தள்ளிவிட்ட வெளிர்நீலக் கார். ஜில்லாவில் அதற்கு உயிர் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் அதை வாங்கியதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. பதிவுப் புத்தகத்தில் பாயின் பேர் அப்படியே இருந்தது. மாற்றிக்கொள்ளலாம், என்ன அவசரம் என்று சவுரி விட்டுவிட்டார். இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. ஊரிலுள்ள கார்களுக்கெல்லாம் உயிர் கொடுத்த அந்தக் கைக்கு லைசென்ஸ் கிடையாது. ஓட்டவும் தெரியாது.

அதற்குத்தான் அடைக்கலராஜ் இருந்தான். மனைவி ஜெசிந்தாவின் தம்பி, ஆக்டிங் டிரைவர். யாருடைய டிரைவர் லீவு போட்டாலும் அன்றைக்கு இவன் போவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மாமாவுக்கு. வீட்டிலிருந்து மாதா கோயில் வரை கார் ஊர்வலமாகப் போகும். அடைக்கலராஜ் ஓட்டுவான், பக்கத்தில் சவுரி, இருபுறமும் பார்த்து வணக்கம் வாங்கிக்கொண்டே வருவார். ஜெசிந்தா பின்னால்.

மற்ற நாட்களில் கார் தார்ப்பாயின் கீழே தவம் இருந்தது. காலையில் சவுரி அதைக் கழுவுவார், துடைப்பார், கிளப்பி நிறுத்துவார். கடை திறக்க மத்தியானம் ஆகிவிடும். ஜெசிந்தா ஒரு டாக்டரின் கிளினிக்கில் காயங்களுக்குக் கட்டு கட்டும் வேலை பார்த்தாள். மேம்பாலத்தைத் தாண்டி வெயிலில் நடந்தே போவாள்.

"தம்பியக் கூப்ட்டு ஒரு நாளு வண்டியில வுடச் சொல்லுங்களேன். கால் கொப்பளிக்குது."

"இந்த வெயில்லயா? பெயிண்ட் போயிடும் ஜெசி."

ஜெசிந்தா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். அப்புறம் குடையை எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பார்வையைச் சவுரி கவனித்திருக்க வேண்டும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காருக்கு இருந்தது ஒரே ஒரு சிப்பு, வாங்கிய புதிதில் கைப்பெட்டியோடு ராப்பகலாக மல்லாடி எப்படியோ எழுதியது. இன்னொன்றில் எழுத முயன்றபோது அந்த வண்டி கைப்பெட்டிக்குச் சம்மதிக்கவில்லை. இந்த ஒன்றும் தொலைந்தால் கார் ஒரு நீல அலமாரிதான். அந்த பயம் சவுரியை உள்ளுக்குள் தின்றது. கடைசியில் ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஸ்டியரிங் கவரைக் கழற்றி, அந்தப் பாவத்தைச் செய்தார். சிப்பை வளையத்தின் மேல் வைத்து, ஜெசிந்தாவின் பெட்டியிலிருந்து எடுத்த காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் ஒட்டினார். மேலே ஒரு சிலுவைபோலக் குறுக்காகவும் ஒட்டினார். பிறகு ரெண்டு இரும்புச் சாவி ராவினார். ஒன்றை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். மற்றதைக் காணாமல்போன பொருளைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோணியார் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினார். பொறுப்பான ஆளிடம் ஒப்படைத்த நிம்மதி.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தார்ப்பாய் மட்டும் தரையில் கிடந்தது.

"ஜெசி! வண்டியக் காணோம்டி!"

ஜெசிந்தா அடுப்படியிலிருந்தே கேட்டாள். "நல்லாப் பாருங்க. எங்க போயிடப் போவுது?"

"சாவி என் இடுப்புல இருக்குது! எப்படிப் போவும்?"

அடைக்கலராஜுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மெதுவாக, "உங்க மச்சானக் காலையில இந்தப் பக்கம் பாத்தாப்புல இருந்துதே" என்றார். சவுரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எம் மச்சான் மேலயா? அவன் எங் கொழந்த மாதிரி. ஒரு கொற சொல்ல முடியாது அவன!"

சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடி, அந்தோணியார் முன்னால் மண்டியிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, வண்டி கிடைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாகச் சொன்னார். கண்ணைத் திறந்து வேண்டியிருந்தால் படத்துக்குக் கீழே ஆணி வெறுமையாக இருப்பது தெரிந்திருக்கும். பக்தி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அப்போது போன் அடித்தது. விருத்தாசலம்.

"அண்ணே, ஒரு பேஜாரு. ஒரு வண்டி கடைக்கு முன்னாடி நின்னுகினு இருக்குது. ஸ்டார்ட் ஆவுது, ரெண்டு நொடியில செத்துடுது. செவப்பு லைட்டு மினுக்குது. சாவியில சிப்பே இல்ல, வெறும் இரும்பு. ஆனா காலையில இவ்ளோ தூரம் ஓடி வந்திருக்குதுன்றாரு."

சவுரி இருந்த நிலைமையில் வேறு யாராக இருந்தாலும் போனை வீசியிருப்பார்கள். ஆனால் நோயைச் சொல்லிக் கேட்டபின் மருந்து சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

"ஆளு யாரு? பரீட்ச வெச்சியா?"

"வெச்சேண்ணே! பர்ஸ்ட் கிளாஸ் ஓனரு. மூணாங் கியர் சிக்குது, வைப்பர் மேல போனா கீழ வராது, லெப்ட்ல ஒடிச்சா ஹாரன் தானா அடிக்குதுன்னு மூச்சு வுடாம சொல்றாரு. வாங்குற பார்ட்டியும் கூடவே நிக்கிறாரு."

"அப்ப சரி. எவனோ முட்டாப்பய சிப்ப உள்ளயே ஒட்டியிருக்கான். சூட்டுல கழண்டு வுழுந்திருக்கும். எஞ்சின் ஓடுற வரைக்கும் தெரியாது. நிறுத்திட்டுத் திருப்பக் கிளப்பும்போதுதான் சாவும். ஸ்டியரிங் கவரக் கழட்டு. வளையத்துக்குக் கீழ தேடு."

திருப்புளி சத்தம் கேட்டது. சவுரி காத்திருந்தார். தன் கார் தொலைந்ததைக்கூட ஒரு நிமிஷம் மறந்திருந்தார்.

"அண்ணே, நீங்க மனுஷனே இல்ல! கெடச்சிடுச்சி. திருப்ப வெச்சேன். ஓடுது பாருங்க!" எஞ்சின் சத்தம் போனில் கணகணவென்று கேட்டது. எங்கேயோ கேட்ட இனிமையான சத்தம். "எந்த மாங்கா ஒட்டுனான்னு தெரியலண்ணே. இன்சுலேசன் டேப் கூட இல்ல, புண்ணுக்குப் போடுற பிளாஸ்திரி. அதுவும் சிலுவ மாதிரி குறுக்க—"

சவுரிராயன் மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்தார்.

"விருத்தா... வண்டி இன்னா கலர்?"

"வெளிர்நீலம்."

"அது என் வண்டிடா! வுடாத! வர்றேன்! ஜல்தி வர்றேன்!"

விழுப்புரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. விக்கிரவாண்டி வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற சவுரி, செத்துக் கிடந்த தன் காருக்குத் தானே போனில் உயிர் கொடுத்து, திருடன் கையில் தூக்கிக் கொடுத்ததை நினைத்து நினைத்து நொந்தார். திருடன் மட்டும் கையில் சிக்கட்டும்.

சிக்கினான். விருத்தாசலத்தின் கடை வாசலில், நீலக் காரின் மேல் சாய்ந்துகொண்டு, அடைக்கலராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மாட்டுத்தீவனக் கடை பெரியசாமி என்ற பார்ட்டி, சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அடப்பாவி! நீயாடா?"

அடைக்கலராஜ் டம்ளரைக் கீழே வைத்தான். ஓடவில்லை. "மாமா, மொதல்ல உக்காருங்க."

"எங் கொழந்த மாதிரி வெச்சிருந்தேனேடா உன்ன!"

பெரியசாமி குறுக்கே வந்தார். "யாருங்க இவுரு? வண்டி யாருது?"

வண்டியின் பதிவுப் புத்தகம் பார்த்தால் தெரிந்துவிடும் என்று விருத்தாசலம் எடுத்துப் பார்த்தான். அதில் கோட்டக்குப்பத்து பாய் இருந்தார். அவர் துபாயில் இருந்தார். விருத்தாசலம் சங்கடத்தோடு சவுரியைப் பார்த்தான். அவன் இப்போது நீதிபதி. சட்டமோ அவர் எழுதியது.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க சொல்லிக்குடுத்ததுதான். வண்டியில இன்னா கொற?"

சவுரிராயன் வாயைத் திறந்தார். காரைப் பார்த்தார். வெயிலில் நீலமாக மின்னியது. அந்த முகப்பு, அந்தக் கண்ணாடி, அவர் தினமும் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்த அந்தச் சக்கரங்கள். ஹாரன் தானாக அடிக்குமா? அவர் கவனித்ததில்லை. ஊர்வலத்தில் ஹாரன் அடிப்பது அவருக்கு இயல்பாகவே பட்டிருந்தது.

"கொறயா? ஒரு கொறயும் இல்லியே. தங்கமான வண்டிடா."

சொன்ன மாத்திரத்தில் சவுரிக்கே காதில் விழுந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளை வேட்டிக்காரர் சொன்ன அதே வார்த்தை.

"அண்ணே..." என்றான் விருத்தாசலம், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. "தெரியாத ஆளா இருந்தா இந்நேரம் போலீசக் கூப்ட்டிருப்பேன்."

"டேய், ஆணியில இருந்த சாவிய இவன் திருடிக்கினு வந்துட்டான்டா!"

"திருடலியே மாமா," என்றான் அடைக்கலராஜ். "அக்காதான் எடுத்துக் குடுத்துச்சி. வித்துட்டு வான்னு சொல்லிச்சி. வேணும்னா நீங்களே கேளுங்க."

விருத்தாசலம் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். மறுமுனையில் ஜெசிந்தாவின் குரல், தாளிக்கிற சத்தத்துக்கு நடுவே, நிதானமாக வந்தது.

"ஆமா, நான்தான் குடுத்தேன். கேட்டா குடுப்பாரா? கட தெறக்கிறதில்ல. நான் வெயில்ல நடக்கிறேன், வண்டி நெழல்ல குந்திகினு இருக்குது. வித்துட்டு எனக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கலாம்னுதான்."

"யம்மா," என்றான் விருத்தாசலம், தன் கடமையிலிருந்து வழுவாமல். "வண்டியில இன்னா கொற?"

"என்னா கொறயா?" தாளிக்கிற சத்தம் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டாள் போலிருந்தது. "பின்னாடி எடதுபக்கக் கதவு உள்ள இருந்து தெறக்காது. கண்ணாடி எறங்காது. மழ வந்தா காலாண்ட தண்ணி நிக்கும். பின்சீட்டுல ஒரு கம்பி குத்தும், ஒரு வருஷமா குத்துது, ரெண்டு பொடவ கிழிஞ்சிது. பிரேக்கு போட்டா ஆட்டுக்குட்டி கத்துறாப்புல கத்தும். பொக உள்ள வரும். கோயிலுக்குப் போயி எறங்கறதுக்குள்ள எனக்குத் தல சுத்தும். இன்னும் சொல்லணுமா?"

விருத்தாசலம் எழுந்து நின்றுவிட்டான். அவன் கடை வரலாற்றில் இப்படி யாரும் தேறியதில்லை. "போதும்மா. நீங்கதான் ஓனரு."

தீர்ப்புக்கு ஒரு பக்க விளைவும் இருந்தது. பெரியசாமி சட்டைப் பையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "தம்பி, எங்க வூட்டுலயும் பின்சீட்டுலதான் ஒக்காருவாங்க. எனக்கு எதுக்கு வம்பு?" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

திரும்பி வரும்போது சவுரிராயன் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார மறுத்தார். முதல் தடவையாகத் தன் காரின் பின்சீட்டில் ஏறி, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டார். விழுப்புரம் தாண்டும்போதே கம்பி குத்தியது. நகர்ந்து உட்கார்ந்தார்; அங்கேயும் அதன் தம்பி இருந்தது. அடைக்கலராஜ் கண்ணாடியில் பார்த்தான்.

"மாமா, கோவமா?"

"பேசாதடா. ரோட்டப் பாரு."

மச்சான் ஏமாற்றினான். சிஷ்யன் குருவின் சட்டத்தாலேயே குருவைத் திருடனாக்கினான். அந்தோணியார் தன் பொறுப்பிலிருந்த சாவி போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். பாவம் செய்து காப்பாற்றிய சிப்பு, பாதி வழியில் கழன்று விழுந்து, ஊர் சிரிக்க வைத்தது. இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூடவே படுத்து, கூடவே எழுந்து, காலையில் "எங்க போயிடப் போவுது" என்று அடுப்படியிலிருந்து கேட்டாளே, அந்தக் குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லையே! அதை நினைத்தபோது சவுரி வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையாகவும் இருக்கலாம். புகை உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது.

வீட்டு வாசலில் கார் நின்றது. ஆட்டுக்குட்டி ஒரு தடவை கத்தியது. அடைக்கலராஜ் இறங்கி, அக்காளின் பக்கம் திரும்பாமல், தெருமுனை டீக்கடைக்கு நழுவினான். சவுரி கதவின் கைப்பிடியை இழுத்தார். திறக்கவில்லை. தோளால் இடித்தார். கண்ணாடியை இறக்கப் பார்த்தார். பிடி சுற்றியது, கண்ணாடி இறங்கவில்லை. மறுபக்கம் நகரலாமென்றால் கம்பியில் வேட்டி சிக்கியிருந்தது. ஜில்லாவில் பூட்டிய கார்களையெல்லாம் திறந்த மனிதர், தன் சொந்தக் காருக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜெசிந்தா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்றாள். கதவைத் திறக்கவில்லை.

"தொறடி!"

"தெறக்கிறேன். மொதல்ல சொல்லுங்க. வண்டியில இன்னா கொற?"

சவுரிராயன் அவளை முறைத்தார். அவள் அசையவில்லை. சாப்பிடாத வயிறு, பின்னால் குத்தும் கம்பி, நெற்றியில் வழியும் வேர்வை. கடைசியில், கண்ணாடிக்கு உள்ளேயிருந்து குரல் மெலிதாக வந்தது.

"கதவு... உள்ள இருந்து தெறக்கல."

"ம். அப்புறம்?"